விட்டுவிட்டு வந்த பாட்டு

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், மழை விட்டிருந்த நேரம். மடிக்கணினியைத் திறந்து, அலமாரியில் இருந்த புளூடூத் ஸ்பீக்கரில் ஒரு பழைய பாட்டைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். பல்லவி ஒழுங்காக வந்தது. சரணம் தொடங்கியதும் குரல் அறுந்தது. ஒரு துண்டு குரல், ஒரு துண்டு மௌனம், மறுபடி ஒரு துண்டு குரல். விக்கல் எடுத்தவர் பேசுவதுபோல வந்தது. அப்போது என் வலது கை தானாக எழுந்து பின்னால் இருந்த சுவரைத் தொட்டது. தொட்ட பிறகுதான் என்ன செய்கிறேன் என்று எனக்கே புரிந்தது. ஒரு காலத்தில் அந்த இடத்தில் ஏரியல் கம்பி இறங்கியது. ரேடியோ மங்கும்போதெல்லாம் ஓடிப்போய் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது வீட்டுக்குக் கடைக்குட்டியான என் வேலை. இத்தனை வருஷம் கழித்தும் கை அதை மறக்கவில்லை.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்கும் பள்ளிபாளையத்துக்கும் நடுவில், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே. வாசலில் நின்றால் மலை தெரியும். காற்று வாட்டமாக அடித்தால் கோயில் மணி கேட்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் கேட்டதில்லை, தறிச் சத்தம் அதற்கு இடம் விட்டதில்லை. அப்பாவுக்கு ஆறு விசைத்தறி. விடிவதற்கு முன்பே ஓட ஆரம்பித்தால் பொழுது இறங்கும்வரை ஊர் முழுக்க ஒரே தாளம். அந்தச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகள் எல்லாருமே உரக்கத்தான் பேசுவோம். வெளியூரில் கட்டிக்கொடுத்த அக்காவை மாமியார் வீட்டில் முதல் மாதம் முழுக்கச் சண்டைக்காரி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்களாம். இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வீட்டுக்கு ஒரு தை மாதம் ரேடியோ வந்தது. நூல் விலை இறங்கித் துணி விலை ஏறியிருந்த வருஷம். அப்பா சேலம் கடைவீதியில் வாங்கி, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தார். மரப்பெட்டி, தந்த நிறத்தில் குமிழ்கள், உள்ளே வால்வு. குமிழைத் திருகினால் உடனே பேசாது. முதலில் விளக்கு எரியும், பிறகு சூடேறும், தூசி காய்கிற வாசனை, ஆசாரம் என்று நாங்கள் சொல்கிற கூடம் முழுக்கப் பரவும். அப்புறம்தான், தூரத்திலிருந்து ஒருவர் பேசிக்கொண்டே நடந்து வருவதுபோலக் குரல் வரும். இன்றைக்கும் சூடான தூசி வாசனை வந்தால் எனக்குப் பாட்டு ஞாபகம்தான் வரும்.

ஆசாரத்தின் குறுக்கே செம்புக் கம்பியில் பின்னிய வலையை நாடா மாதிரி இழுத்துக் கட்டினார்கள். அதுதான் ஏரியல். எர்த்துக்கு இன்னொரு கம்பி வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டியடியில் மண்ணுக்குள் இறங்கியது. அந்த மண் காயக் கூடாது என்று சொல்லியிருந்ததால் பாத்திரம் கழுவிய தண்ணீரை அம்மா தினமும் அங்கேதான் ஊற்றுவாள். "ரேடியோவுக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" என்பது எங்கள் வீட்டில் சாதாரணக் கேள்வி. வருஷத்துக்கு ஒருமுறை தபால் ஆபீஸில் பணம் கட்டி லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். 1980களின் நடுவில்தான் அந்த வழக்கத்தை எடுத்தார்கள். வீட்டில் ரேடியோ வைத்திருக்க அரசாங்கத்துக்குப் பணம் கட்டினோம் என்றால் என் மகள் நம்ப மறுக்கிறாள்.

பகலில் திருச்சி வானொலி. 1939இல் தொடங்கிய நிலையம் அது. எங்கள் பக்கத்து வீடுகளுக்கு விவசாயச் செய்தியும் நாடகமும் அங்கிருந்துதான் வந்தன. பொழுதோடு தறியை நிறுத்திய பிறகு இலங்கை வானொலி. மத்திய அலைக்கு ஒரு குணம் உண்டு. பகலில் வான்மேல் ஒரு அடுக்கு அதை விழுங்கிவிடும். சூரியன் இறங்கியதும் அந்த அடுக்கு கலைந்துபோக, அலை மேலே போய் மோதித் திரும்பித் தூர தேசத்துக்கெல்லாம் எட்டும். காரணம் தெரியாமலேயே எங்கள் தெரு முழுக்க அந்த நேரத்துக்குக் காத்திருந்தது. மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களின் பெயர்கள் உறவுக்காரர் பெயர்கள் மாதிரி வீட்டில் புழங்கின. மாடர்ன் தியேட்டர்ஸ் படத்துப் பாட்டு வந்தால் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "இது நம்ம சேலத்துப் படம்" என்பார். டி.ஆர்.சுந்தரம் ஏற்காடு சாலையில் கட்டிய ஸ்டுடியோ அது. 1956இல் முழு நீள வண்ணப் படமாகத் தமிழில் முதன்முதலில் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' அங்கே உருவானதுதான். ஐம்பது கிலோமீட்டருக்குள் எடுத்த படத்தின் பாட்டு கொழும்புக்குப் போய், கடல் தாண்டி எங்கள் ஆசாரத்துக்கு வந்தது. அப்பாவுக்கு அதில் இருந்த பெருமையை இப்போது நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

இப்போது அந்த ஆசாரத்தில் நான்தான் இருக்கிறேன். தறிகள் இல்லை. அப்பா போன பிறகு சில வருஷம் ஓட்டிப் பார்த்து, கட்டுபடியாகாமல், எடைக்குப் போட்டோம். மகள் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது விலையில்லா மடிக்கணினி ஒன்று வந்தது. 2011இல் தொடங்கிய திட்டம் அது. அதில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அவள் அதில் படித்தாள். அவள் தூங்கிய பிறகு நான் அதில் லினக்ஸைத் தட்டிப் பழகினேன். தமிழிலேயே கட்டற்ற மென்பொருளைச் சொல்லித் தருகிற 'கணியம்' இதழ் 2012இல் தொடங்கியிருந்தது. அதைப் படித்துப் படித்துத்தான் டெர்மினல் என்கிற கறுப்புத் திரை மேல் எனக்கு இருந்த பயம் போனது. பள்ளிக்கூடத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கி, அதில் லினக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டேன்.

வாங்கியதற்குக் காரணம் கேசட்டுகள். அண்ணன் சம்பாதிக்கத் தொடங்கிய புதிதில் ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கினான். ஊரில் மற்றவர்கள் ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு திருச்செங்கோட்டு ரெக்கார்டிங் கடைக்குப் போய் வாரக்கணக்கில் காத்திருந்து பதிந்து வருவார்கள். அண்ணனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. டேப் ரிக்கார்டரை ரேடியோவுக்கு நேர் எதிரே வைத்து, இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கிப் பதிவான். அந்த நேரம் வீட்டில் யாரும் மூச்சுக்கூட விடக் கூடாது. விட்டார்கள், இருமினார்கள், சோறு தாளித்தார்கள். எல்லாமும் கேசட்டில் ஏறியது. ஒரு கேசட்டில் பாட்டுக்கு நடுவே அம்மாவின் குரல் இருக்கிறது. அவள் பேசியதில் எங்களிடம் மிஞ்சியிருக்கிற ஒரே பதிவு அதுதான்.

நாற்பத்திரண்டு கேசட்டுகளை ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து கணினிக்குள் ஏற்றினேன். பூஞ்சை பிடித்த நாடாவைத் துடைத்து, பென்சிலை விட்டுச் சுற்றி இறுக்கி, ஆடாசிட்டியில் பதிந்து, எல்லாவற்றையும் புதிதாக வாங்கிய ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்தேன். பிறகுதான் இந்த விக்கல் தொடங்கியது. அம்மா குரல் வருகிற இடத்துக்கு ஓட்டினால் "…ருக்காரு… போ…" என்று இரண்டு துண்டுதான் கேட்டது.

முதலில் கேசட் கெட்டிருக்கும் என்று வயிறு கலங்கியது. கம்பி வைத்த இயர்போனைச் செருகிக் கேட்டேன், பழுதில்லாமல் வந்தது. அப்படியென்றால் பாட்டு நன்றாக இருக்கிறது, போகிற வழியில்தான் கோளாறு. பெங்களூரில் இருக்கிற மகளைக் கூப்பிட்டேன். "அப்பா, ஸ்பீக்கர் போன் பேசுற முறையில மாட்டியிருக்கா பாருங்க" என்றாள். புளூடூத்தில் இரண்டு வழி உண்டு. பாட்டுக்கு ஏ2டிபி, பேச்சுக்கு வேறொன்று. பேச்சு வழியில் மாட்டிக்கொண்டால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல இருக்கும். எனக்கு வந்த ஒலி அப்படி இல்லை. வந்த துண்டு ஒவ்வொன்றும் நல்ல துண்டு. இடையில்தான் ஓட்டை.

பிறகு மென்பொருளில் இறங்கினேன். லினக்ஸில் ஒலி பல கை மாறிப் போகிறது. அடியில் அல்சா. அதன் மேல் பல காலமாக பல்ஸ்ஆடியோ. லெனார்ட் பொட்டரிங் என்பவர் தொடங்கியது. இப்போது அந்த இடத்துக்கு விம் தைமன்ஸ் எழுதிய பைப்வயர் வந்திருக்கிறது. ஃபெடோரா 2021இல் அதற்கு மாறியது, உபுண்டு 2022இல். என் கணினியில் பழையது இருந்ததால் மாற்றிப் போட்டேன். விக்கல் போகவில்லை. ஒலியைக் கொஞ்சம் முன்கூட்டியே சேர்த்து வைக்கச் சொல்லி இருப்பைக் கூட்டினேன்.

இந்த இருப்பு எனக்குச் சட்டென்று புரிந்ததற்குக் காரணம் தறி. அம்மா ஊடைக்குத் தார் சுற்றுவாள், அதாவது குறுக்கு நூலைச் சிறு குச்சிகளில் சுற்றித் தருவாள். தறி ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்துப் பெட்டியில் சுற்றிய தார் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் இருக்கிற தார் தீர்வதற்குள் அடுத்தது கைக்கு வந்தால் துணி நிற்காது. சுற்றுகிறவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாலும் பெட்டியில் பத்துத் தார் இருந்தால் தறிக்காரருக்குத் தெரியவே தெரியாது. ஸ்பீக்கருக்குள்ளும் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது. கணினி ஒலியைச் சிறு சிறு பொட்டலமாக அனுப்ப, ஸ்பீக்கர் அதைச் சேர்த்து வைத்துப் பாடுகிறது. அடுத்த பொட்டலம் வரும் முன் இருப்பு தீர்ந்தால் மௌனம். பெட்டியைப் பெரிதாக்கியதில் விக்கல் குறைந்தது, நிற்கவில்லை. தார் சுற்றுகிற இடத்திலேயே ஏதோ தடை இருக்கும்போது பெட்டி எவ்வளவு பெரிதாக இருந்து என்ன?

அடுத்து வைஃபையை அணைத்துப் பார்த்தேன். வைஃபையும் புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்கிற ஒரே பட்டையில் நடமாடுகின்றன. மடிக்கணினிகளில் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே சில்லு, ஆன்டெனாவிலும் பங்கு. ஒரே வாய்க்காலில் இரண்டு காட்டுக்காரர் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி, மாறி மாறித்தான் பேச வேண்டும். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். கொஞ்சம் தேறியது. அம்மா குரல் மட்டும் அப்படியே துண்டுதான். நான்கு ராத்திரி போயிருந்தது.

ஐந்தாம் நாள் காலையில், தொட்டியடியில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, மெக்கானிக் ஞாபகம் வந்தார்.

ரேடியோ வந்த வருஷம் ஆடியில் எங்கள் ரேடியோவுக்கும் ஒரு வியாதி வந்தது. இருட்டியதும் இலங்கை வானொலியின் மேல் சோளம் பொரிவதுபோல ஒரு சடசடப்பு. கே.எஸ்.ராஜா பேசுவது பாதி புரியும், பாதி பொரியும். நான் கம்பியைப் பிடித்தேன். அம்மா இரண்டு குடம் தண்ணீர் கூடுதலாக ஊற்றினாள். அப்பா பெட்டியின் தலையில் தட்டினார். கடைசியில் திருச்செங்கோட்டிலிருந்து மெக்கானிக் சைக்கிளில் வந்தார். பெயர் என்னவோ, எல்லாருக்கும் அவர் மெக்கானிக்தான். கேரியரில் ஈயம் பற்றவைக்கிற கோலும் சாமானும் இருந்த தகரப் பெட்டி. அதை இறக்கவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே அப்பாவிடம் கேட்டார்.

"எப்பங்க வருது?"

"பொழுதெறங்குனா வருதுங்க."

"எப்ப நிக்குது?"

அப்பா யோசித்தார். நான்தான் சொன்னேன், சாப்பிட்டுப் படுக்கிற நேரத்துக்கு நின்றுவிடும் என்று.

"தம்பி கெட்டிக்காரன். அந்நேரத்துக்கு ஊட்டுல வேற என்ன ஓடுது, என்ன எரியுது?"

பெட்டியைத் திறப்பார் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இருட்டும்வரை காத்திருந்தார். பையிலிருந்து கையகல டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்து, எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, அதைப் படுக்கவைத்தும் திருப்பியும் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தார். உள்ளே இருக்கிற ஃபெரைட் கம்பிக்குத் திசை தெரியும். ஒரு பக்கம் திருப்பினால் இரைச்சல் பெருகும், இன்னொரு பக்கம் அடங்கும். நானும் பின்னாலேயே போனேன். தொட்டியைத் தாண்டி, மாட்டுக் கொட்டகையைத் தாண்டி, தறிக்கூடத்து வாசலில் டிரான்சிஸ்டர் அலறியது. உள்ளே அப்பா அந்த மாதம்தான் ஆசையாக மாட்டியிருந்த டியூப் லைட். ஒரு முனை கறுத்து, ஸ்டார்ட்டர் போய், பிடிக்காமல் மினுக்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் ஸ்டூலில் ஏறி ஸ்டார்ட்டரைத் திருகிக் கழற்றினார். ஆசாரத்திலிருந்து பாட்டு தெளிவாக வந்தது.

"பொட்டியத் தெறக்கறதுக்கு முன்னால பொட்டியச் சுத்திப் பாக்கோணும் தம்பி" என்றார். கூலி வாங்கவில்லை. அம்மா கட்டாயப்படுத்தி ஒரு படி நிலக்கடலை கொடுத்தனுப்பினாள்.

பல் விளக்கிய கையோடு உள்ளே வந்து அவர் கேட்ட கேள்விகளையே கேட்டுக்கொண்டேன். எப்போது வருகிறது? பழைய கேசட் பாட்டு போடும்போது. எப்போது இல்லை? இணையத்தில் செய்தி கேட்கும்போது அவ்வளவாக இல்லை. அந்நேரத்துக்கு வேறு என்ன ஓடுகிறது? மடிக்கணினியின் இடப்பக்கத்தில், ஒரு சாண் வயரில், ஹார்ட் டிஸ்க்கின் நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

அம்மா பேசுகிற கேசட்டை மட்டும் கணினிக்குள் நகல் எடுத்துக்கொண்டு டிஸ்க்கைக் கழற்றினேன். போட்டேன். ஒரு விக்கல் இல்லை. மறுபடி செருகினேன். விக்கியது. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் அதேதான்.

பிறகு தேடிப் படித்ததில் காரணம் தெரிந்தது. யுஎஸ்பி 3.0 வழியே தரவு நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடுகிறது. அப்படி ஓடும்போது அதன் வயரிலிருந்தும் செருகியிலிருந்தும் கசிகிற இரைச்சல், சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் மேல் விழுகிறது. இன்டெல் நிறுவனம் 2012இலேயே இதை அளந்து விளக்கி வெளியிட்டிருக்கிறது. புளூடூத் சாமர்த்தியசாலி. அந்தப் பட்டையை 79 தடங்களாகப் பிரித்து நொடிக்கு 1600 முறை தடம் தாவும். வைஃபை உட்கார்ந்திருக்கிற தடங்களைக் கண்டுபிடித்து ஒதுங்கிப் போகவும் தெரியும். ஆனால் யுஎஸ்பி இரைச்சல் ஓர் இடத்தில் உட்காருவதில்லை. பட்டை முழுக்கப் புழுதி மாதிரி பரவிவிடும். எங்கே தாவினாலும் புழுதிதான். பக்கத்திலேயே வாயை வைத்து ஒருவர் கத்தும்போது அறையின் அந்தக் கோடியில் இருப்பவருக்கு நாம் சொல்வது எப்படிக் கேட்கும்?

வைத்தியம் எளிது. மடிக்கணினியில் உள்ளே நீலமாக இருக்கிற துளை யுஎஸ்பி 3.0, கறுப்பாக இருப்பது பெரும்பாலும் பழைய 2.0. டிஸ்க்கைக் கறுப்புக்கு மாற்றினால் வேகம் குறையும், அந்த இரைச்சலும் போகும். பாட்டு கேட்க அந்த வேகம் தாராளம். புளூடூத்தில் போகிற ஒலிக்கு நொடிக்கு மூன்று லட்சத்துச் சொச்சம் பிட் போதும், பழைய துளையே நொடிக்கு 48 கோடி பிட் தாங்கும். நீலத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் நல்ல உறையுள்ள நீட்டிப்பு வயர் போட்டு டிஸ்க்கைத் தள்ளி வைக்கலாம். நான் கறுப்புக்கு மாற்றி, ஒரு மீட்டர் வயரும் போட்டு, டிஸ்க்கை ஜன்னல் திட்டில் கொண்டுபோய் வைத்தேன். நான்கு ராத்திரி மாற்றிய அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பழையபடி வைத்துப் பார்த்தேன். பைப்வயரை மட்டும் விட்டுவைத்தேன்; அது நன்றாகவே வேலை செய்கிறது. மற்றவை எதுவும் தேவைப்படவில்லை.

மெக்கானிக் கடை இருந்த இடம் மலையடிவாரத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது. இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். அவர் எப்போது போனார் என்று கேட்கப் போனால் அந்தத் தெருவில் சொல்ல ஆள் இல்லை.

தீபாவளிக்கு அக்காவும் அண்ணனும் வந்திருந்தார்கள். மகளும் வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்து எல்லாரும் ஆசாரத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கேசட்டைப் போட்டேன். அண்ணன் பொத்தானை அமுக்குகிற சத்தம், தூரத்தில் ஓடுகிற தறிகள், மேலே மிதந்து வருகிற பாட்டு. யாரும் பேசவில்லை. அன்று பதியும்போது இருந்திருக்க வேண்டிய அமைதி இப்போதுதான் வாய்த்தது. இரண்டாவது பாட்டின் சரணத்தில், வாசல் பக்கத்திலிருந்து, அறுபடாமல், முழுசாக அம்மா சொன்னாள்: "கண்ணு, பால்காரரு வந்திருக்காரு, போசி எடுத்துட்டு வா."